தேடி வருவேன்

"அப்பா, அந்த மீனோட அம்மா எங்க போச்சு?"

படம் தொடங்கி அஞ்சு நிமிஷம்கூட ஆகல. மக என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் விசைப்படகு கரையில கிடக்கும், நானும் பாம்பன்ல வீட்டோட இருப்பேன். அதனாலதான் அவளோட உட்கார்ந்து 'ஃபைண்டிங் நீமோ' பார்க்க வாய்ச்சது. 2003ல வந்த படம், நான் இன்னைக்குத்தான் பார்க்குறேன்.

சீலா மீன் வந்து அம்மா மீனையும் முட்டைகளையும் தின்னுட்டுப் போன பிறகு மிச்சம் ஒரே ஒரு முட்டை. அதுலயும் ஒரு கீறல். அப்பா மீன் அதைத் துடுப்புல ஏந்திக்கிட்டு மெதுவாப் பேசுது. அந்த இடத்துல எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

அது கோமாளி மீன். அந்த வகை மீனுங்க நம்ம மன்னார் வளைகுடாவுலயும் பூ மாதிரி இருக்குற கடல் சாமந்திங்கிற உயிரிக்குள்ள குடியிருக்கும். நெசத்துலயும் முட்டைக்குக் காவல் இருக்கறது ஆண் மீன்தான். பொரியிற வரைக்கும் துடுப்பால விசிறிக்கிட்டே நிக்கும்.

கடலை எவ்வளவு பொறுமையா வரைஞ்சிருக்காங்க! தண்ணிக்குள்ள தூசு தூசா மிதக்குறது, வெயில் ஆடி ஆடி இறங்குறது, பாறை முடியிற இடத்துல நீலம் சட்டுனு கருக்குறது. பொழுதன்னைக்கும் கடலைப் பார்க்குற எனக்கே ஒரு குறை சொல்லத் தோணல. பிள்ளைங்க படம்தானேன்னு ஒரு இடத்துலயும் அசட்டையா விடல.

மகனைத் தேடி அந்தச் சின்ன மீன் எத்தனை தூரம் போகுது!

ராத்திரி விளக்கணைச்ச பிறகு இருட்டுக்குள்ள அவ குரல்:

"அப்பா, தடை முடிஞ்சு நீங்க போயி, திரும்பி வர லேட்டானா, நான் தேடி வருவேன்."