ஒவ்வொரு கொலுசுக்கும் ஒரு முகவரி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் பண்ணும் ஒரு கடையின் வெப்சைட்டைப் புதுப்பிக்கும் வேலை எங்களிடம் வந்தது. திறந்து பார்த்தால் முழுக்க ஃப்ரேம்செட்: திரையை ஃப்ரேம் என்ற கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தனி ஃபைலைக் காட்டும் பழைய முறை. மேலே கடைப் பெயர், இடது பக்கம் 180 பிக்சல் அகலத்தில் மாடல் பட்டியல், வலது பக்கம் படம். பட்டியலில் எதைத் தொட்டாலும் வலது பக்கம் மட்டும் மாறும். கூட வேலை பார்க்கும் தம்பி, "அண்ணா, இதை மொத்தமா தூக்கிப் போட்டுட்டு வேர்ட்பிரஸ்ல ஏத்திடலாம்" என்றான். வெப்சைட் கட்ட இப்போது பலரும் பயன்படுத்தும் ரெடிமேட் மென்பொருள் அது.

எனக்கு அந்த யோசனையில் உடனே மனசு ஒப்பவில்லை. நெட்ஸ்கேப் 2.0 பிரவுசரோடு 1996-ல் ஃப்ரேம் வந்தபோது, போன் லைன் வழியே மெதுவாக நெட் வந்த டயல்-அப் மோடம் காலம். மெனுவையும் லோகோவையும் ஒரே தடவை இறக்கி நிறுத்திவிட்டு, மாறுகிற பகுதியை மட்டும் இறக்க முடிந்தது அன்றைக்குப் பெரிய வசதி. வெப் பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் 4.0 பதிப்பு, 1997 டிசம்பரில் வந்தபோது ஃப்ரேமை முறைப்படி சேர்த்துக்கொண்டது. ஜாவா புரோகிராம்களுக்கு விளக்கப் பக்கங்கள் தயாரித்துக் கொடுக்கும் ஜாவாடாக் கருவி 2019-ல் வந்த 13-ஆம் பதிப்பில்தான் ஃப்ரேமை முழுசாகக் கைவிட்டது. விவரம் தெரிந்தவர்களே அவ்வளவு நாள் வைத்திருந்தார்கள் என்றால் அதில் ஏதோ பயன் இருந்திருக்கிறது.

அந்தப் பயனைக் கடையிலேயே பார்த்தேன். கணக்கு எழுதும் அக்காதான் வெப்சைட்டையும் பார்த்துக்கொள்கிறார். புது மாடல் வந்தால் மெனு ஃபைலை நோட்பேடில் திறப்பார். கடைசி வரியைக் காப்பி எடுத்து, கீழே ஒட்டி, பெயரை மாற்றி, சேவ் பண்ணி ஏற்றுவார். எந்தக் கட்டத்தில் திறக்க வேண்டும் என்று சொல்லும் டார்கெட் என்ற சொல்லை வரியில் விட்டுவிடக் கூடாது என்பது அவருக்கு அத்துப்படி. விட்டால் கொலுசுப் படம் அந்தக் குறுகலான இடது பத்திக்குள்ளேயே திறந்துகொள்ளும். பக்கம் எத்தனை இருந்தாலும் மெனுவுக்காகத் திருத்த வேண்டியது ஒரே ஃபைல். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. இந்தச் சுதந்திரத்தை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டு எவ்வளவு அழகாகக் கட்டிக் கொடுத்தாலும் அது நல்ல வேலை ஆகாது.

ஆனால் முதலாளியின் குறை வேறு. "தம்பி, மதுரையில இருந்து ஒருத்தர் முத்து வெச்ச கொலுசு கேக்குறாருங்க. லிங்க் அனுப்பினா முகப்புதான் தொறக்குதாம். எதுங்க, எதுங்கன்னு மறுபடியும் போன்."

ஃப்ரேமின் நிஜமான கோளாறு இதுதான். உள்ளே எந்த மாடலுக்குப் போனாலும் மேலே முகவரி மாறுவதில்லை. காப்பி எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் வாசல்தான் போய்ச் சேரும். கூகுள் வழியாக வருபவருக்கோ நேர்மாறு: உள்பக்கம் தனியாகத் திறக்கும்; கொலுசு தெரியும், யார் கடை, எந்த ஊர், என்ன போன் நம்பர், ஒன்றும் இருக்காது. வியாபாரத்துக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் எனக்குத் தோன்றவில்லை. பிரின்ட் எடுப்பது, போனில் பார்ப்பது என்று மற்ற தொல்லைகளும் உண்டு. 2014-ல் அதிகாரபூர்வத் தரமாக அறிவிக்கப்பட்ட ஹெச்டிஎம்எல் 5, ஃப்ரேம்செட்டை ஒதுக்கிவிட்டது. பிரவுசர்கள் இன்னும் திறந்து காட்டுவதால்தான் பல கடைக்காரர்களுக்கு இது தெரியாமலே இருக்கிறது.

வேர்ட்பிரஸ் வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். மெனுவைத் தனி ஃபைலாகவே வைத்து, சர்வரில் ஓடும் பிஹெச்பி மொழியின் இன்க்ளூட் என்ற ஒரு வரிக் கட்டளையால் எல்லாப் பக்கத்திலும் சேர்த்தோம். கடைப் பெயரையும் போன் நம்பரையும் அதே மாதிரி. சர்வரே ஒட்டிக் கொடுத்துவிடுவதால் ஒவ்வொரு மாடலும் முழுப் பக்கம், தனி முகவரி. பட்டியல் நகராமல் நிற்க, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஸ்டிக்கி என்ற அமைப்பு போதும். போனில் பட்டியல் மடங்கி இருக்கும், தொட்டால் விரியும்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன்: பழைய உள்பக்கங்களின் ஃபைல் பெயரில் கை வைக்கக் கூடாது. தம்பி அவற்றைச் சீராக மாற்ற நினைத்தான். கூகுள் ஏற்கெனவே அந்தப் பெயர்களைத் தெரிந்துவைத்திருக்கிறது. மாற்றினால் வருகிற வாடிக்கையாளர் முட்டுச்சந்தில் நிற்பார். ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் பகுதிகூட மாறாமல் இருக்க, ஹெச்டிஎம்எல் ஃபைலிலேயே பிஹெச்பி ஓடும்படி சர்வரில் அமைத்தோம். அக்காவிடம் புதிதாகச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது: "டார்கெட் இனிமே வேண்டாங்க்கா."