போட்டோவ 4:3லயே எடுங்க, வெட்டுறத அப்புறம் பாத்துக்கலாம்

சொந்தக்காரங்க யார் போனை வாங்கிப் பாத்தாலும் கேமராவ ‘ஃபுல்’ மோட்ல போட்டு வச்சிருக்காங்க, ஏன்னு கேட்டா ஸ்க்ரீன் முழுக்க தெரியுதுல்லங்கறாங்க. தெரியுது சரி, ஆனா படம் அதுல பெருசாகல, சின்னதாத்தான் ஆகுது. பெரும்பாலான போன்ல சென்சாரோட (கேமராக்குள்ள வெளிச்சத்தைப் படமா பதியற சில்லு) வடிவமே 4:3, அதாவது ஒரு பக்கம் நாலு பங்குன்னா இன்னொரு பக்கம் மூணு பங்கு, மத்ததெல்லாம் அதுலேந்து சீவி எடுக்கறதுதான். ஒரு மெகாபிக்சல்னா பத்து லட்சம் புள்ளி, 12 மெகாபிக்சல் படம்னா 4000க்கு 3000 புள்ளி இருக்கும், அதையே 16:9ல வச்சா மேலயும் கீழயும் போயி 4000க்கு 2250, அதாவது 9 மெகாபிக்சல். சதுரமா வச்சா 3000க்கு 3000, பெருக்கிப் பாருங்க, அதுவும் அதே 9. அந்த 20:9 ஃபுல் ஸ்க்ரீன் இருக்கே, அது 4000க்கு 1800, பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடியே பத்துல நாலு பங்கு போச்சு.

போனா என்ன, பாக்க நல்லாத்தானே இருக்குன்னு கேப்பீங்க. ஸ்டேட்டஸ் போட்டு மறுநாள் மறந்துடற படத்துக்கு ஒண்ணும் இல்லதான். காதுகுத்து, வளைகாப்பு க்ரூப் போட்டோலதான் சிக்கல் வரும், ஏன்னா அதைத்தான் பின்னாடி யாராவது பிரிண்ட் போடணும்னு கேப்பாங்க. ஸ்டுடியோல சாதாரணமா போடற மேக்ஸி சைஸ் 6×4 இன்ச். அது 3:2, பழைய 35 எம்எம் ஃபிலிம்ல ஒரு ஃப்ரேம் 36க்கு 24 மில்லிமீட்டர், அந்தக் கணக்கு அப்படியே இன்னிக்கும் ஓடுது. 16:9 படத்தை அந்தப் பேப்பர்ல நிரப்பினா ரெண்டு பக்கமும் அரை இன்ச்சுக்கு மேல வெளிய போயிடும், வரிசைல கடைசியா வந்து ஒட்டிக்கிட்டு நின்ன சித்தப்பாவுக்கு பாதி மூஞ்சிதான் மிஞ்சும், அவரும் ஆல்பத்தைப் பாத்துட்டு சும்மா இருக்க மாட்டாரு. 4:3ன்னா பக்கத்துல ஒண்ணும் போகாது, மேல கால் இன்ச், கீழ கால் இன்ச் மட்டும் போகும், அதனால தலைக்கு மேல கொஞ்சம் சுவர் தெரியற மாதிரி விட்டு எடுத்தா போதும்.

கட்டிடம் எடுக்கும்போது இந்த 4:3 இன்னும் நல்லா உதவும். தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி, கிட்டத்துல நின்னு எல்லாரும் போனை அண்ணாந்து தூக்கி எடுப்பாங்க, படத்துல விமானம் பின்னாடி சாயுற மாதிரி மேல போகப் போக குறுகி நிக்கும். அந்தக் கோயில்ல நல்ல விஷயம் என்னன்னா பிரகாரம் அவ்ளோ அகலம், பின்னாடி போக இடம் தாராளமா இருக்கு. நேர் எதிர்ல நின்னா முன்மண்டபம் மறைக்கும், அதனால பக்கவாட்டுல தள்ளிப் போயி கோயிலைச் சுத்தி ஓடற திருச்சுற்று மாளிகை ஓரமா நின்னுக்குங்க, போனை நிமித்தி நேரா புடிங்க, சாய்க்கவே கூடாது, கலசம் ஃப்ரேமுக்குள்ள வரலன்னா இன்னும் பின்னாடி போங்க, இல்ல கேமராவுல 0.5க்கு (இன்னும் அகலமா எடுக்கற லென்ஸ்) மாத்துங்க. ஸ்க்ரீன்ல பாக்க கேவலமாத்தான் இருக்கும், கீழ்ப்பாதி முழுக்க வெறும் தரை, நடுவுல செல்பி எடுக்கற கூட்டம். விடுங்க, எடுத்துட்டு அந்தத் தரையை மட்டும் க்ராப் பண்ணித் தூக்குங்க, 4:3ல இடம் கூட இருக்கறதால வெட்டினாலும் படம் மிஞ்சும், விமானம் தூக்கு நூல் போட்ட மாதிரி நிக்கும். ஃபுல் ஸ்க்ரீன் பைத்தியம் புடிச்ச ஒரு ஃப்ரெண்டுகிட்ட இதைக் காட்டினப்ப “ஆப் எதுடா”ன்னு கேட்டான்.

இவ்ளோ வெட்டினா தெளிவு போயிடாதான்னு பயம் வேண்டாம். 6×4 பிரிண்டுக்கு இன்ச்சுக்கு 300 புள்ளி வச்சாலும் 1800க்கு 1200 போதும், ரெண்டு மெகாபிக்சல் சொச்சம்தான். படுக்கைவாட்டுல எடுத்த 4:3லேந்து ஸ்டேட்டஸுக்கு 9:16 வெட்டினாக்கூட 1687க்கு 3000 கிடைக்குது, 1080க்கு 1920 போனுக்கு அது தாராளம். 12×8ன்னு பெருசா ஃப்ரேம் போட்டு மாட்டணும்னாதான் யோசிக்கணும், அதுக்கு 3600க்கு 2400 வேணும், வெட்ட இடம் ரொம்ப இல்ல.

இன்ஸ்டா கதையைப் பாருங்க, 2015 வரைக்கும் சதுரம் மட்டும்தான், அப்புறம் 4:5 வந்துச்சு, 2025ல ப்ரொஃபைல் கட்டத்தையே 3:4 ஆக்கிட்டாங்க. அன்னிக்கு போன்லயே 1:1 வச்சு எடுத்தவங்ககிட்ட இப்ப நீட்டறதுக்கு ஒண்ணுமே கிடையாது, 4:3ல வச்சிருந்தவங்க பழைய படத்தையே வேற மாதிரி வெட்டிப் போட்டுக்கலாம். க்ராப் பண்ணும்போது ஒரிஜினல் மேலயே சேவ் ஆகுதா, காப்பியா ஆகுதான்னு மட்டும் பாத்துக்குங்க, ஆப்புக்கு ஆப்பு மாறும். ஆளுங்களை வெட்டும்போது மணிக்கட்டு, முட்டி, கணுக்கால் இங்கெல்லாம் கத்தி வைக்காதீங்க, தொடை நடுவுலயோ இடுப்புக்கு மேலயோ வெட்டுங்க.

ஸ்டுடியோவுக்கு அனுப்பும்போது வாட்ஸப்ல போட்டோவா அனுப்பாம டாக்குமெண்டா அனுப்புங்க, அளவு குறையாது. 6×4க்கு நீங்களே 3:2ல வெட்டி அனுப்பிட்டா வம்பே இல்ல, இல்லன்னா “அண்ணா, ஓரத்துல வெள்ளை விழுந்தாலும் பரவால்ல, முழுப் படமும் வரணும்”னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, சொல்லலன்னா மெஷின் தானா நிரப்பி வெட்டிடும்.