ரிவர்ஸில் பூட்டும் ஊரில் ரிமோட் ஸ்டார்ட்

ஜூன் மாதம் காலை நாலேகால் மணிக்கு, தென்னாப்பிரிக்காவின் லெனேசியாவில் வெளியே வந்து பார்த்தால், வண்டிக் கண்ணாடி முழுக்க உப்பு அப்பியது போல உறைபனி. ஜோகன்னஸ்பர்க் பக்கம் எல்லாமே 1,500 மீட்டருக்கு மேலான மேட்டு நிலம். குளிர்காலத்தில் மழையும் இல்லை, மேகமும் இல்லை. ராத்திரி வானம் திறந்தே கிடப்பதால் பகல் சூடு மொத்தமும் மேலே போய்விடும். நான் சிட்டி டீப் சந்தையில் காய்கறி எடுத்துக் கடைக்குக் கொண்டுவருகிறவன். ஐந்து மணிக்குள் அங்கே இல்லாவிட்டால் நல்ல தக்காளி போய்விடும். முன்பு ஒரு குளிர்காலத்தில் அவசரத்துக்குச் சுடுதண்ணீரை ஊற்றி, கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டு, புதுக் கண்ணாடிக்குப் பணம் கட்டினேன். அதற்குப் பிறகுதான், வீட்டுக்குள்ளிருந்தே பட்டனை அழுத்தி எஞ்சினை ஓடவைக்கும் ரிமோட் ஸ்டார்ட்டர் யோசனை.

வண்டி டர்பனில் தயாரான ஹைலக்ஸ் பக்கி. இங்கே பிக்கப்பை எல்லோரும் பக்கி என்றுதான் சொல்வார்கள். டீசல், கியர் கையால் போடுவது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் தலைவலி. கடைகளில் கிடைக்கும் ரிமோட் ஸ்டார்ட்டர்களில் பல, ஆட்டோமேட்டிக் கியர் பெட்ரோல் வண்டியை நினைத்துச் செய்தவை. கையேட்டில் இரண்டு விஷயம் தேடினேன்: மேனுவல் கியருக்குத் தனி முறை இருக்கிறதா, டீசலுக்குக் காத்திருக்கும் நேரம் இருக்கிறதா. மூன்றாவது விஷயம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. தூரத்திலிருந்து வேலை செய்யும் அமெரிக்க ரிமோட்டுகள் பல 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகின்றன. இங்கே அதில் ஒரு பகுதி செல்போனுக்கு உரியது. அதனால் நம் கேட் ரிமோட்டுகள் போல 433 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதையே வாங்கினேன். எனக்குத் தேவை படுக்கையறை ஜன்னலிலிருந்து முற்றம் வரைக்கும்தான். அரை மைல் எதற்கு?

பக்கத்து வீட்டு அங்கிள் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பத்தின் நாலாவது தலைமுறை. தமிழில் அவருக்குச் சாமி கும்பிடத் தெரியும், திட்டத் தெரியும், நடுவில் இருப்பதெல்லாம் ஆங்கிலம். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, கியர் லாக் எந்த கியர்ல பூட்டும்?"

ரிவர்ஸில். பக்கி திருட்டு சகஜமான ஊர் இது, கியர் நெம்பை ரிவர்ஸில் தள்ளிப் பூட்டுகிற இரும்புப் பூட்டு எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வண்டியிலும் உண்டு. நான் கட்டிலில் படுத்தபடி பட்டனை அழுத்தினால் ரிவர்ஸ் கியரில் இருக்கும் பக்கி ஸ்டார்ட்டர் மோட்டார் பலத்திலேயே பின்னால் எகிறி கேட்டில் மோதும். கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகாதபடி பெடலில் பாதுகாப்பு ஸ்விட்ச் உள்ள வண்டியில் அதையும் ரிமோட் ஸ்டார்ட்டர் ஏமாற்றித்தான் எஞ்சினைச் சுற்றும். ஆக, காப்பாற்ற அதுவும் வராது. இது எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டியை ஒரு வாரம் அலமாரியில் வைத்துவிட்டேன்.

வழி கையேட்டிலேயே இருந்தது. மேனுவல் வண்டிக்கு ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போதே நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ரிமோட்டை அழுத்தி, சாவியை உருவ வேண்டும். எஞ்சின் நிற்காது. இறங்கிக் கதவைச் சாத்திப் பூட்டினால்தான் நிற்கும். யாரும் உள்ளே இல்லை, கியர் நியூட்ரலில் இருக்கிறது என்று பெட்டிக்கு அப்போது ஒரு நம்பிக்கை. அப்புறம் ஏதாவது ஒரு கதவு திறந்தாலும் நம்பிக்கை போய்விடும், ஸ்டார்ட் ஆகாது. அதாவது வெளியே நிறுத்தும்போது வழக்கம்போலச் சாவியால் அணைத்து கியர் லாக் போடலாம், ரிமோட் தானாகவே செத்துக் கிடக்கும். பூட்டிய கேட்டுக்குள், நாய் காவலுக்கு இருக்கும் முற்றத்தில் மட்டும் சடங்கு. இது பிடிபட்ட பிறகுதான் அலமாரியைத் திறந்தேன்.

முதல் சனிக்கிழமை முழுக்க ஸ்டீயரிங்குக்குக் கீழே தலைகீழாகக் கிடந்தேன். வயர் நிறத்தை நம்பாதே, மீட்டரை நம்பு என்றார் அங்கிள். சாவியை எடுத்த பிறகும் 12 வோல்ட் காட்டுவது பேட்டரி வயர். சாவி ஆன் நிலையில் வந்து, ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் விடாமல் நிற்பது இக்னிஷன். சுற்றும் நேரத்தில் மட்டும் போய்த் திரும்புவது ஆக்சஸரி. சுற்றும்போது மட்டும் வருவது ஸ்டார்ட்டர். மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஏர்பேக்குடையவை, அவற்றின் பக்கம் மீட்டரையே கொண்டுபோகக் கூடாது. கிளிப் போட்டு நசுக்கலாமே என்றதற்கு அங்கிள் தமிழில் பதில் சொன்னார், எழுத முடியாது. எல்லாவற்றையும் சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டி முடித்தோம். பானெட்டைத் திறந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் ஸ்விட்சும் வைத்தாயிற்று.

இம்மொபிலைசர்தான் மனதுக்கு ஒப்பாத வேலை. சாவித் தலையில் உள்ள சிப்பை வண்டி அடையாளம் காணாவிட்டால் எஞ்சின் ஓடாது. அதனால் உதிரிச் சாவியின் சிப்பை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, சாவித் துளையைச் சுற்றியுள்ள வளையத்தோடு இணைக்கச் சொல்கிறார்கள். திருடனுக்குச் சாவியை நாமே உள்ளே வைத்துக் கொடுப்பது போலத்தான் முதலில் பட்டது. ஆனால் ரிமோட் கட்டளை கொடுத்தால்தான் பெட்டி அந்த வளையத்தை இணைக்கும், மற்ற நேரம் சிப் ஊமை. உலோகச் சாவியைத் திருப்பாமல் ஸ்டீயரிங் பூட்டும் விடாது. பிரேக்கை மிதித்தால் எஞ்சின் நின்றுவிடும். சரி என்று ஒப்புக்கொண்டு, எங்கே ஒளித்தேன் என்பதை மட்டும் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டேன். நாளைக்கு வண்டி போனால் இதையே சாக்காகச் சொல்ல இடம் தரக் கூடாது.

இரண்டாவது சனிக்கிழமை சோதனை. ராத்திரி குளிரில் அழுத்தினால் மூன்று தடவை சுற்றி, வெள்ளைப் புகை விட்டு, பெட்டி கைவிட்டது. டீசல் பற்றிக்கொள்ள எஞ்சினுக்குள் சூடு தரும் ஹீட்டர் பிளக் சூடாகும் முன்பே சுற்றுகிறது. மீட்டர் போர்டில் அதற்கான சுருள் வடிவ விளக்கு அணையும்வரை காத்திருக்கும்படி அதன் வயரோடு இணைத்தோம். எஞ்சின் ஓடுகிறதா என்பதைப் பேட்டரி வோல்டேஜை வைத்துக் கண்டுபிடிக்கும் முறையையும் விட்டோம். ஓட ஆரம்பித்த பிறகும் ஹீட்டர் பிளக் கொஞ்ச நேரம் கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் ஏறாது, ஓடும் எஞ்சினை ஓடவில்லை என்று பெட்டி நினைக்கும். எஞ்சின் சுற்றும் வேகத்தைச் சொல்லும் ஆர்பிஎம் வயரிலிருந்து எடுத்ததும் சரியாயிற்று.

அப்புறம்தான் என் முட்டாள்தனம் வெளிவந்தது. சடங்கு முடித்துப் பூட்டிய வண்டியைத் திறந்து, என் பையன் இடது கதவு வழியாக ஏறி உட்கார்ந்து, கியர் நெம்பை ஆட்டிக்கொண்டிருந்தான். ரிமோட்டில் விளக்கு இன்னும் தயார் என்கிறது. நான் டிரைவர் கதவு ஸ்விட்சை மட்டும்தான் இணைத்திருந்தேன். அந்த நேரம் விரல் பட்டிருந்தால்? உடனே அவனை இறக்கி, பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் மற்றக் கதவுகளையும் இணைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, அப்புறம்தான் பியூஸை மாட்டினேன். ஜன்னல் வழியாகக் கை நீட்டினால் எந்த ஸ்விட்சுக்கும் தெரியாது, அதனால் கண்ணாடியை முழுக்க ஏற்றுவதும் சடங்கில் சேர்ந்துவிட்டது. ஹேண்ட்பிரேக் கேபிளையும் இறுக்கினேன். இத்தனை வருடம் கியரில் நிறுத்தியே பழகியதில், எங்கள் முற்றத்துச் சரிவில் நியூட்ரலில் விட்டால் வண்டி மெல்ல நகர்ந்தது. இப்போது டயருக்கு ஒரு செங்கலும் உண்டு. வண்டி நிற்பது திறந்த வெளியில். மூடிய கராஜ் என்றால் புகைக்குப் பயந்து இந்த வேலையையே தொட்டிருக்க மாட்டேன்.

முதல் உறைபனி நாள். நாலு மணிக்குப் போர்வைக்குள்ளிருந்து அழுத்தினேன். விளக்கு, ஒரு நிமிஷம் போல் தோன்றிய மௌனம், அப்புறம் டீசல் சத்தம். பெருமையாகக் காபி குடித்துவிட்டுப் பன்னிரண்டு நிமிஷம் கழித்துப் போனால் கண்ணாடியில் பனி அப்படியே இருக்கிறது. ஹீட்டர் திருகை முந்தின ராத்திரி காலடிக்கு வைத்திருந்தேன். ரிமோட் எஞ்சினைத்தான் ஓட்டும், திருகைத் திருப்பாது. மறுநாள் கண்ணாடிப் பக்கம் திருப்பி, விசிறியையும் போட்டு வைத்தேன். டீசல் எஞ்சின் சும்மா ஓடும்போது அவ்வளவு சுலபத்தில் சூடாகாது. கீழே இரண்டு சாண் உயரத்துக்கு உருகியிருந்தது, மேலே இருந்ததை வைப்பர் தள்ளிவிட்டது. ஓரங்களுக்குப் பழைய வங்கி அட்டையால் இன்னும் ஒரு சுரண்டல் தேவைப்படுகிறது. தக்காளி கிடைத்தது.