பெரட்டுக்களத்தில் ஒரு தலைமைத்துவ முகாம்

முகாமின் இரண்டாம் நாள் காலை 6 மணிக்கு, எதிரே நிற்பவரின் முகம்கூடத் தெளிவாகத் தெரியாத மூடுபனியில், எங்கள் மாணவத் தலைவர்கள் 38 பேரும் நான்கு வரிசைகளாக நின்று இலக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு அப்பால் பாதையோரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்து, "இங்கேயும் பெரட்டா?" என்று கேட்டுவிட்டு நடந்து போனார். தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளர்களை ஓரிடத்தில் கூட்டி, பேர் பதிந்து, இன்றைக்கு யார் எந்த மலைக்கு என்று வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். ஆங்கிலேயத் துரைமாரின் 'பரேட்' தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயன்களில் புழங்கிப் புழங்கி அப்படி ஆயிற்று. பெரட்டு என்றால் என்னவென்று எங்கள் பிள்ளைகளில் ஒருவரும் சொல்லவில்லை. அவர்களில் பலருடைய பெற்றோர் மலையகத்திலிருந்து புறக்கோட்டைக் கடைகளுக்கு வேலை தேடி வந்தவர்கள் என்பதால், தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர்கள் சிலராவது இருப்பார்கள் என்பது என் ஊகம்.

நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் வரலாறு கற்பிக்கிறேன். மாணவத் தலைவர்களுக்குப் பொறுப்பாசிரியராகவும் இருக்கிறேன். 2024 ஆகஸ்ட் விடுமுறையில் ஹற்றனுக்கு அண்மையில் மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சி முகாம் ஒன்றுக்கு இவர்களை அழைத்துச் செல்லத் தீர்மானித்தபோது, பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழுந்த கேள்வி செலவைப் பற்றியது அன்று. "இராணுவ முகாமா, மிஸ்?" என்று ஒரு தாய் கேட்டார். 2011 இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்களைக் கட்டாயத் தலைமைத்துவப் பயிற்சி என்ற பெயரில் மூன்று வாரங்கள் படை முகாம்களுக்கு அனுப்பியதை எங்கள் பெற்றோர் இன்னும் மறக்கவில்லை. சீருடை அணிந்தவர்கள் எவரும் இல்லை என்று எழுதிக் கொடுத்த பின்னரே சில கையொப்பங்கள் கிடைத்தன.

கோட்டையிலிருந்து புகையிரதத்தில் போனதைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. சுரங்கப் பாதை ஒவ்வொன்றிலும் எல்லாரும் கூச்சலிட்டார்கள், நானும்தான். அட்டைகளைப் பற்றியும் எழுதப் போவதில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் உப்பும் சவர்க்காரமும் கொண்டுபோவது நல்லது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முகாமின் வளவாளர்கள் வகுத்திருந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. குழுத் தலைவர் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை மாறுவார். சீட்டெடுத்து வருகிற பெயர் எதுவாயினும் அவர் சொல்வதை மற்றவர்கள் கேட்க வேண்டும். எங்கள் தலைமை மாணவத் தலைவி முதல் நாள் மாலை சமையலுக்குப் பொறுப்பானாள். அவள் திறமைசாலி, வீட்டில் தாயுடன் சமைத்துப் பழகியவள், பருப்புக்கு இவ்வளவு நேரம், சோற்றுக்கு இவ்வளவு நேரம் என்று தாளில் நிரற்படுத்தி ஒட்டிவிட்டாள். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே தண்ணீர் 100 பாகையில் அன்றி ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதித்துவிடும் என்பது அவளுடைய விஞ்ஞானப் புத்தகத்தில் இருந்தது, தாளில் இல்லை. ஈர விறகும் சேர்ந்துகொள்ள, குறித்த நேரத்தில் இறக்கிய பருப்பு பல்லில் கடகடவென்றது. முகாமின் சமையல் அக்கா அடுப்படிக்கு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று நான் பிறகு கேட்டபோது, "யாரும் கேக்கலியே, மிஸ்" என்றார். அவ்வளவுதான். நள்ளிரவை நெருங்கிச் சாப்பிட்டோம்.

மறுநாள் பிற்பகல் நிகழ்ச்சி நிரலில் 'சமூகத் தலைவருடன் உரையாடல்' என்றிருந்தது. பிரதேச சபை உறுப்பினர் எவராவது வந்து பொன்னாடை போர்த்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் பேசுவார் என்று எண்ணியிருந்தேன். வந்தவர் காலையில் சிரித்த அதே முதியவர். பக்கத்துத் தோட்டமொன்றில் பல ஆண்டுகள் தோட்டத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையகத்தில் 'தலைவர்' என்று தனித்துச் சொன்னால் அமைச்சரையோ அதிபரையோ அது குறிப்பதில்லை. தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளையின் தலைவரையே குறிக்கும். தொழிலாளர்கள் தங்களுக்குள்ளிருந்து தெரிவுசெய்து நிறுத்தும் ஆள் அவர்.

அவர் தம் பேச்சைத் தம்மைப் பற்றித் தொடங்கவில்லை. கங்காணிமாரைப் பற்றித் தொடங்கினார். தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த பெரிய கங்காணி, தன் கீழ் வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று தலைக்காசு பெற்றார். தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால் அவருடைய கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' வேண்டும்; அந்தக் கடனைப் புதிய தோட்டம் ஏற்றால்தான் அவர் போகலாம். அந்தத் துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. அதுவரை தோட்டத்தில் தலைவன் என்றால் மேலிருந்து நியமிக்கப்பட்டவன், தலை எண்ணிக் காசு வாங்கியவன் என்று அவர் சொன்னபோது பிள்ளைகள் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பின்னர் 1947 தேர்தலுக்கு வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்ற அந்தத் தேர்தலில் தம் தகப்பனார் வாக்களித்ததையும், தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தபின் அதே தகப்பனார் வாக்காளர் இடாப்பில் இல்லாமற்போனதையும் அவர் எந்தக் கோபமும் இல்லாத குரலில் சொன்னார். 1977 இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் வெல்லும்வரை அந்த மக்கள் தரப்பிலிருந்து ஒருவர் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போக முடியவில்லை. அந்த இடைக்காலத்தில், நாடற்றவராக்கப்பட்ட இலட்சக்கணக்கானோருக்குத் தாங்களே கைதூக்கித் தெரிவுசெய்யக்கூடியவராக மிஞ்சியவர் தோட்டத் தலைவர் ஒருவர்தான். இந்தச் சட்டங்களை நான் பல ஆண்டுகளாக வகுப்பில் கற்பித்து வருகிறேன். இந்தக் கோணத்தில் ஒரு தடவையும் சொல்லிக் கொடுத்ததில்லை.

தலைவராக இருந்து என்ன செய்தீர்கள் என்று ஒரு மாணவன் கேட்டான். பெரும்பாலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்றதாகச் சொன்னார். மழை நாளில் கொழுந்தின் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக்களைக் கழிப்பார்கள். கழித்தது போக மிஞ்சுவது அன்றைய அளவுக்குக் குறைந்தால் கொழுந்து பறித்த பெண்ணுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாட்கூலி. ஆகவே எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்பதே அவருடைய அரசியலாக இருந்தது. துரையைப் பார்க்கப் போகும்போது ஒருபோதும் தனியாகப் போகமாட்டாராம். தனியாகப் போகிறவன் திரும்பி வந்து சொல்வதை யார் நம்புவார்கள் என்று கேட்டார். நாட்சம்பளம் 1,000 ரூபாவிலிருந்து எவ்வளவு உயரப் போகிறது என்பதே அப்போது அங்கு எல்லார் வாயிலும் இருந்த பேச்சு (அடுத்த மாதம் அது 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது). ஆனால் சம்பளத்தைக் கொழும்பில் பேசிக்கொள்வார்கள், தராசை இங்கேதான் பார்க்க வேண்டும் என்றார்.

தலைவராக இருந்ததனால் உங்களுக்கு என்ன கிடைத்தது, ஐயா, என்று தலைமை மாணவத் தலைவி கேட்டாள். வழக்குப் பேசப் போன நாட்களில் பேர் கிடைக்கவில்லை என்றார் அவர். சம்பளம் இல்லை என்று பொருள்.

அன்றிரவு தீமூட்டிப் பாட்டுப் பாட வேண்டிய நேரம் விவாதத்தில் போயிற்று. வளவாளர்களுக்கு அதில் சற்று மனத்தாங்கல். தொடக்கிவைத்தவன் தரம் 10 மாணவன். எங்களை யார் தெரிவுசெய்தார்கள் என்று கேட்டான். ஆசிரியர்கள்தாம். நேர்முகப் பரீட்சை வைத்து, புள்ளியிட்டு, சின்னம் குத்திவிடுகிறோம். காலையில் வாயிலில் நின்று பிந்தி வருகிற பிள்ளைகளின் பெயர்களை எழுதச் சொல்கிறோம். கூடுதலாக எழுதியவரைப் பாராட்டவும் செய்கிறோம். "அப்படியென்றால் நாங்கள் தலைவர்களா, கங்காணிகளா, மிஸ்?" என்று அவன் கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடனடியாகப் பதில் வரவில்லை. ஒழுங்கைக் காக்கச் சிலரை நியமிப்பதிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அது நியாயமாகவே இருந்தாலும், அந்தத் தீயருகில் எடுபடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பருப்பை இரவே ஊறவைத்திருந்தார்கள். சமையல் அக்காவிடம் கேட்டிருக்கிறார்கள்.

திரும்பி வரும் புகையிரதத்தில், நாவலப்பிட்டியைத் தாண்டியபின், அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த தாளொன்றில் மனு ஒன்று எழுதினார்கள். வகுப்புத் தலைவர்களையாவது அடுத்த ஆண்டு முதல் மாணவர்களே வாக்களித்துத் தெரிவுசெய்ய வேண்டும். பிந்தி வருகிறவர்களின் பெயரோடு பிந்தியதற்கான காரணத்தையும் எழுத ஒரு நிரல் வேண்டும். 38 பேரும் கையொப்பமிட்டார்கள். ஒருவரைத் தனியாக அனுப்பாமல் மூவராகப் போய்க் கொடுத்தார்கள்; இளையவனைப் பேசவிட்டார்கள்.

இரண்டாவது கோரிக்கை அந்த வாரமே ஏற்கப்பட்டது. பதிவேட்டில் புதிதாக வந்த நிரலில் அதிகம் எழுதப்பட்டிருப்பது 'தம்பியைப் பாடசாலையில் விட்டுவிட்டு வந்தேன்' என்பது. முதலாவது கோரிக்கை ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு தடவை ஒத்திவைக்கப்பட்டு, மூன்றாம் தடவைக்கான நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. கூட்டத்துக்கு நானும் தனியாகப் போகப்போவதில்லை.