புதிய யோசனையை ஆலைக்குள் சுமப்பவர் யார்?

வெளியிலிருந்து வரும் புதிய தொழில்நுட்ப யோசனைகளைப் படித்து, டெமோ பார்த்து, எங்கள் ஆலைகளுக்கு எது ஒத்துவரும் என்று பரிந்துரைப்பது சில வருடங்களாக என் வேலை. அதற்கு முன் மெயின்டெனன்ஸ் பிரிவில் நெடுங்காலம் இருந்தேன். இரண்டு பக்கத்தையும் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகியிருக்கிறது. ஒரு யோசனையைத் தொழில்துறை கவனிப்பதில்லை. உள்ளே இருக்கும் யாரோ ஒருவர் கவனிக்கிறார். தினமும் தன்னைப் படுத்தும் ஒரு பிரச்சினை இதனால் தீரும் என்று அவருக்குப் பட்டுவிட்டால் போதும். மேலதிகாரியிடம் அவரே பேசுகிறார், பர்ச்சேஸில் மல்லுக்கு நிற்கிறார், ஐ.டி. பிரிவின் ஆட்சேபங்களுக்குப் பதில் தேடி அலைகிறார். அப்படி ஒருவர் வாய்க்காத யோசனை, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், "பார்க்கிறோம்" என்ற பதிலோடு நின்றுபோகிறது.

ஜெராக்ஸ் இயந்திரத்தின் கதையை இதற்காகவே அடிக்கடி எடுத்துச் சொல்வேன். செஸ்டர் கார்ல்சன் நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். ஆவணங்களுக்குப் போதிய நகல்கள் கிடைக்காமல் தினமும் அல்லாடியவர். 1938 அக்டோபர் 22 அன்று, அஸ்டோரியாவில் தன் சிறிய சோதனைக்கூடத்தில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகடு, மின்னூட்டம், வெளிச்சம், கொஞ்சம் பொடி ஆகியவற்றைக் கொண்டு அன்றைய தேதியையும் இடத்தின் பெயரையும் நகலெடுத்தார். 1942இல் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் ஐ.பி.எம்., ஜெனரல் எலக்ட்ரிக், ஆர்.சி.ஏ. உட்பட இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஆர்வம் காட்டவில்லை. இன்று அவர்களைக் குறை சொல்வது சுலபம். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது பக்குவப்படாத ஒரு செய்முறை. கார்பன் தாளோ ஏற்கெனவே மேசையில் இருந்தது, விலையும் மலிவு.

1944இல் வேறொரு காப்புரிமை விஷயமாக கார்ல்சனைப் பார்க்க வந்த பாட்டல் ஆராய்ச்சி நிலையப் பொறியாளர் ஒருவருக்கு இது பிடித்துப்போய், அந்த நிலையம் இதை வளர்த்தெடுக்க முன்வந்தது. பிறகு ஹேலாய்டு என்ற சிறிய புகைப்படத்தாள் நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவர் ஜான் டெசாவர், ஒரு தொழில்நுட்பச் சுருக்கத்தில் இதைப் பற்றிப் படித்தார். அவர்களுக்குப் புதிதாக ஒரு பொருள் அவசரமாகத் தேவைப்பட்டது. ஹேலாய்டுதான் பின்னால் ஜெராக்ஸ் ஆனது. அவர்களுடைய 914 என்ற நகல் இயந்திரம் 1959இல் வந்தது. அதாவது முதல் நகலுக்கும் அந்த இயந்திரத்துக்கும் நடுவில் 21 வருடங்கள். இரண்டு திருப்பங்களிலும் இருந்தது ஒரு தனிமனிதர், அவருக்கு அந்த நேரத்தில் இருந்த ஒரு தேவை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 914ஐ வாடகைக்கு விட்டு, எடுக்கும் நகலுக்குக் கட்டணம் வாங்கினார்கள். பெரிய தொகையை முன்னால் போடத் தயங்கிய அலுவலகங்களின் தயக்கம் அதிலேயே பாதி போனது. அந்த ஏற்பாட்டையும் கண்டுபிடிப்பின் ஒரு பகுதியாகவே நான் மதிக்கிறேன்.

எனக்கு வரும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை பொருளைப் பற்றிய விவரிப்பில்தான் தொடங்கும். செயற்கை நுண்ணறிவு, துல்லியம் இத்தனை சதவீதம், காப்புரிமைக்கு விண்ணப்பித்தாயிற்று, இன்ன போட்டியில் பரிசு. எந்த இயந்திரத்தில் என்ன பழுது, இன்றைக்கு அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது எங்கோ ஏழாவது ஸ்லைடில் ஒரு வரியாக இருக்கும். எனக்கோ அந்த வரிதான் முதலில் வேண்டும். ஏனென்றால் புதிய பொருளின் உண்மையான போட்டியாளர் இன்னொரு கம்பெனி அல்ல, இப்போது நடந்துகொண்டிருக்கும் பழக்கம். கார்ல்சனுக்குக் கார்பன் தாள் எப்படியோ அப்படி.

ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இரண்டு இளைஞர்கள், பம்புகளில் ஒட்டிவைக்கும் ஒரு சிறிய வயர்லெஸ் அதிர்வு சென்சார் செய்திருந்தார்கள். பேரிங் கெட்டுப்போவதற்கு முன்பே எச்சரிக்கும் என்றார்கள். மீட்டிங் அறையில் அவர்கள் காட்டிய வரைபடங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் அந்த அறையில் இருந்த எவரும் பம்ப் ஹவுஸில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் இல்லை. அதனால் அவர்களை அழைத்துக்கொண்டு பம்ப் ஹவுஸுக்கே போனேன்.

அங்கே சூப்பர்வைசர் ஒருவர். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் ஹவுசிங்கில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டே பேரிங்கின் நிலையைச் சொல்பவர். ரவுண்ட்ஸ் போகும்போது கையடக்க மீட்டரில் ரீடிங் எடுத்து ரிஜிஸ்டரில் எழுதுவார். சென்சாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துல்லியத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தம்பி, இது காந்தத்துல ஒட்டுதா, ஸ்டட் போடணுமா? பேட்டரி போச்சுன்னா யார் மாத்துறது? சுத்தி இவ்வளவு இரும்பு இருக்கே, சிக்னல் வெளியே போகுமா?" எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஓரளவு பதில் இருந்தது. கடைசியாக, ஓடாமல் நின்றுகொண்டிருந்த ஸ்டாண்ட்பை பம்பின் மேல் அதை ஒட்டச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் லேப்டாப் திரையில் எச்சரிக்கை வந்தது. நின்றுபோன பம்புக்கு அதிர்வு எச்சரிக்கை!

காரணம் அவருக்கு முன்பே தெரியும். பக்கத்தில் ஓடும் பம்பின் அதிர்வு, அஸ்திவாரம் வழியாகவும் பைப் வழியாகவும் நிற்கும் பம்புக்கும் வந்து சேரும். "ராத்திரி ரெண்டு மணிக்கு இப்படி ரெண்டு தடவை அடிச்சா, மூணாவது தடவை யாரும் எழுந்து வர மாட்டாங்க சார்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எச்சரிக்கைக் கருவிகளைப் பற்றி நான் கேட்டவற்றில் மிகச் சரியான மதிப்பீடு அது. பொய் எச்சரிக்கை தரும் கருவிக்கு ஒரு பம்ப் ஹவுஸில் இரண்டாவது வாய்ப்பு கிடைப்பது அரிது.

அந்த இளைஞர்களை எனக்குப் பிடித்துப்போனது அதன் பிறகுதான். வாதாடவில்லை, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது சென்சாருக்குள் காந்தப்புலத்தை உணரும் ஒரு சிறு பாகம் சேர்ந்திருந்தது. மோட்டார் ஓடும்போது அதைச் சுற்றி மாறும் காந்தப்புலம் இருக்கும், நின்றால் இருக்காது. ஆகவே இயந்திரம் ஓடுகிறதா இல்லையா என்பது சென்சாருக்கே தெரியும். நின்ற பம்புக்கு எச்சரிக்கை வராது. சூப்பர்வைசர் மறுபடியும் ஸ்டாண்ட்பை பம்பில் ஒட்டிப் பார்த்தார். பிறகு பிளான்ட் மேனேஜரிடம் அவரே போய்ப் பேசினார். என் பரிந்துரைக் கடிதத்தைவிட அந்தப் பேச்சுக்கு எடை அதிகம். அவர் சொல்லை நம்பித்தான் அந்த ஆலையில் ஷட்டவுன் திட்டங்களே, அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் திட்டங்களே, போடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் பல நல்ல யோசனைகள் தவறிப்போகின்றன. உள்ளே ஒருவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அவர் மேலே கொண்டுபோய்ப் பேச அவர் கையில் ஒன்றுமில்லை. பளபளப்பான பிரசன்டேஷன் அவருக்கு உதவாது. ஒரே ஒரு பக்கம் போதும். எந்தப் பழுது, அது நேர்ந்தால் உற்பத்தி எவ்வளவு நேரம் நிற்கிறது, இப்போது எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், இந்தக் கருவி எவ்வளவு முன்கூட்டிச் சொல்லும், எதைச் சொல்லாது. கடைசியாகச் சொன்னதை எழுதத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். "குறைந்த வேகத்தில் சுழலும் இயந்திரங்களுக்கு இது பொருந்தாது" என்று ஒருவர் தானாகவே எழுதியிருந்தால், மீதி எழுதியதையும் நான் நம்பிப் படிக்கிறேன். எரிவாயு கசியும் இடங்களில் வைப்பதற்கான பாதுகாப்புச் சான்றிதழ் உண்டா, தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, ஆலை நெட்வொர்க்கைத் தொடுகிறதா என்பவற்றுக்கும் அதே பக்கத்தில் விடை இருந்தால், ஐ.டி.யிலும் சேஃப்டியிலும் கோப்பு தூங்காது.

வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்வது நல்லது. நாசா உருவாக்கிய தொழில்நுட்ப ஆயத்த அளவுகோலில் ஒன்பது நிலைகள் உண்டு. ஆய்வகத்தில் நிரூபித்தது நான்காம் நிலை. உண்மையான இயக்கச் சூழலில் முன்மாதிரியை ஓட்டிக் காட்டுவது ஏழாம் நிலை. நான்கில் இருப்பவர் ஆர் அண்ட் டி பிரிவிடம் கூட்டாளியாகப் போகலாம். பர்ச்சேஸ் கதவைத் தட்டினால் இரு தரப்புக்கும் நேரம்தான் வீண்.

ரகசியம் பற்றிய பயத்தைப் பலரிடம் பார்க்கிறேன். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் முதல் மின்னஞ்சலிலேயே என்.டி.ஏ. எனும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்டால் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். உள்ளேயே அதே விஷயத்தில் யாராவது வேலை செய்துகொண்டிருக்கலாம் என்பதால் சட்டப் பிரிவு சம்மதிக்காது. முதல் சந்திப்பில் எப்படிச் செய்கிறது என்பதை விட்டுவிட்டு, என்ன செய்கிறது என்பதை மட்டும் காட்டலாம். காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு வருவது இன்னும் பாதுகாப்பு. ஐரோப்பாவில், விண்ணப்பிக்கும் முன்பே நீங்களே பொதுமேடையில் வெளியிட்டிருந்தால் புதுமை போய்விடும், காப்புரிமை கிடைக்காது. அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் உண்டு. ஒரு நாட்டில் முதலில் விண்ணப்பித்த தேதியிலிருந்து 12 மாதங்களுக்குள், பாரிஸ் உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகளிலும் அதே முன்னுரிமைத் தேதியைக் கோரலாம். கண்காட்சியில் ஸ்டால் போடுவதற்கு முன் இந்த வரிசையை யோசித்தே ஆக வேண்டும்.

பொருளைப் பயன்படுத்துபவர் கையில் கொடுத்துவிடுவதன் வலிமைக்கு 3எம் நிறுவனத்தின் போஸ்ட்-இட் ஒட்டுத்தாள்கள் நல்ல சாட்சி. 1977இல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தபோது வரவேற்பு மந்தம். அடுத்த வருடம் பாய்சி நகரில் மாதிரிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். பயன்படுத்திப் பார்த்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாங்குவோம் என்றார்கள். 1980இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. தாளும் பசையும் அதேதான்.

தனியாக இயங்க முடியாத யோசனைகளுக்கு வேறு வழி வேண்டும். எதிர்முனையிலும் அதே தொழில்நுட்பம் இருந்தால்தான் வேலை செய்யும் என்றால், ஒரு நிறுவனத்தின் கவனம் மட்டும் போதாது. எரிக்சனில் பிறந்த புளூடூத் அப்படித்தான். 1998இல் ஐ.பி.எம்., இன்டெல், நோக்கியா, தோஷிபாவோடு சேர்ந்து குழு அமைத்து, உறுப்பினர்களுக்கு உரிமத்தொகை இல்லாமல் திறந்துவிட்டார்கள். விட்டுக்கொடுத்ததால் பரவிய தொழில்நுட்பம் அது.

பைலட், அதாவது ஆலையில் சிறிய அளவில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு, கிடைத்துவிட்டால் வென்றுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். பைலட் நன்றாக ஓடி, எல்லோரும் பாராட்டி, அதன் பிறகு ஒன்றுமே நடக்காமல் போன கருவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் என்னிடம் வருபவர்களிடம் நானே சொல்லிவிடுகிறேன். தொடங்குவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எந்த எண் வந்தால் வெற்றி, அதை யார் அளப்பார், வெற்றி என்றால் எந்தப் பட்ஜெட்டிலிருந்து அடுத்த ஆர்டர் வரும், யார் கையெழுத்துப் போடுவார். முடிந்தால் பைலட்டுக்குக் கொஞ்சமாவது பணம் வாங்குங்கள். இலவசமாக வந்த கருவிக்கு உள்ளே யாரும் பொறுப்பேற்பதில்லை. சின்னத் தொகையாக இருந்தாலும் அதற்கு ஒருவர் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். கணக்குச் சொல்பவர் கருவியைக் கவனிப்பார்.

"இப்போது வேண்டாம்" என்ற பதிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் பாதிக்கு மேல் உண்மையாகவே "இப்போது" தான். பட்ஜெட் முடிந்திருக்கும், ஷட்டவுன் தாண்டியிருக்கும், அல்லது ஒரு சான்றிதழ் குறைந்திருக்கும். எது என்று நேராகக் கேட்டால் சொல்வதில் எங்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் கேட்பவர்கள் குறைவு. கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த பட்ஜெட் போடும் சமயத்தில் அந்தச் சான்றிதழோடு திரும்பி எழுதுபவர்களின் மின்னஞ்சலை நான் அன்றைக்கே திறந்து, சம்பந்தப்பட்ட சூப்பர்வைசருக்கு அனுப்பிவிடுகிறேன்.