அம்மாவின் புத்தகங்களைச் சீர்செய்கிறேன்: 63 முடிந்தது

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. தொண்ணூறு வயது வரை இருந்தார். பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டில் அவர் விட்டுப்போனது 412 புத்தகங்கள், பிஸ்கட் டின் நிறைய நூலக அட்டைகள், அட்டையில் '555' என்று போட்ட சின்னக் கையடக்க நோட்டுகள் பதினொன்று. பாதிப் புத்தகங்களுக்கு முதுகு கழன்றிருந்தது. இராமபாணப் பூச்சி தின்றது வேறு. "பேப்பர்காரருக்குப் போட மனசு வரலண்ணா, வச்சுக்கவும் இடமில்ல" என்றாள் தங்கை. சரி, நானே பைண்டிங் கற்றுக்கொள்கிறேன் என்று போன தீபாவளிக்கு அப்புறம் உட்கார்ந்தேன்.

அம்மா 1933இல் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். தாத்தா பால்மரம் வெட்டினார். ஜப்பான்காரன் வந்தபோது அம்மாவுக்கு எட்டு வயது. படிப்பு நின்று, சண்டை ஓய்ந்த பிறகுதான் மறுபடி பள்ளிக்கூடம். மெர்டேக்காவுக்கு, அதாவது 1957இல் மலாயா விடுதலையானதற்கு, அடுத்த வருஷம் நூலக வேலையில் சேர்ந்து முப்பது வருஷம் இருந்தார். 55 வயதில் ஓய்வு என்பது அன்றைய சட்டம். அது அரசாங்க வேலைக்குத்தானே என்று, 1988இலேயே வீட்டு வராந்தாவில் இரண்டு அலமாரி போட்டு, தெருப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். மளிகைக்கடையில் கடன் எழுதும் அதே 555 நோட்டில் யார் எதை எடுத்தார்கள் என்று எழுதுவார். தாமதமானால் அபராதம் கிடையாது, "கதை எப்படி இருந்துச்சு, சொல்லிட்டுப் போ" என்பார்.

முதலில் செய்த தவறைச் சொல்கிறேன், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும். கைவினைக் கடையில் விற்கும் வெள்ளைப் பசையை வாங்கி நான்கு புத்தகங்களின் முதுகில் தாராளமாகப் பூசினேன். பிடித்தது உண்மைதான். ஆனால் ஒரு மாதத்தில் முதுகு ரப்பர் மாதிரி விறைத்து, திறந்தால் தாள் பசை ஓரத்தோடு கிழிந்தது. பிரிக்கலாம் என்று ஈரத்துணி வைத்தேன், அசையவில்லை. அந்த நான்கில் ஒன்று அம்மா அதிகம் படித்த கவிதைத் தொகுப்பு. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

மூன்றாம் மாதம் ஒரு பழைய நாவலை எடுத்தேன். அட்டையின் உள்பக்கம் பென்சிலில் "சீர் 14.6.74" என்று அம்மாவின் உருண்டை எழுத்து. முதுகின் உள்ளே அவர் ஒட்டிய மல் துணி. ஈரப் பஞ்சை அதன் மேல் வைத்துப் பத்து நிமிஷம் விட்டேன். ஐம்பது வருஷத்துப் பசை இளகி, துணி அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது, அடியில் தாளுக்கு ஒரு கீறல் இல்லை. வெறும் மாவுக்கஞ்சி. பின்னால் வருகிறவர் பிரித்துச் சரிசெய்ய வழி விட்டு ஒட்டியிருக்கிறார். நான் கையில் அந்த ஈரத் துணியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதன்பின் கஞ்சிதான். கோதுமை மாவுச்சத்து ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. அரைமணி ஊறவிட்டு, சிறு தீயில் கைவிடாமல் கிண்டினால் பால் நிறம் மாறிக் கண்ணாடி போல வரும். ஆறியதும் துணியில் வடிகட்ட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே வைத்தால் இரண்டாம் நாளே நாறும், அதனால் தேவைக்கு மட்டும் காய்ச்சுகிறேன். அம்மா பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார். அதில் மட்டும் நான் அவர் வழி போகவில்லை. துத்தத்தில் இருப்பது செம்பு, நாளாவட்டத்தில் அது தாளையே அரித்துப் பழுப்பாக்கும். பூச்சிக்கு அலமாரியைத் துடைத்து, காற்றோட்டமாக வைத்தாலே பெரும்பாலும் போதும்.

கிழிசலுக்கு ஜப்பானியக் காகிதம். கத்தரிக்கோல் படக் கூடாது. ஈரத் தூரிகையால் கோடு போட்டுக் கையால் பிய்த்தால் ஓரத்தில் நார் பஞ்சு பஞ்சாக நீட்டிக்கொள்ளும், அந்த நார்தான் பழைய தாளைக் கவ்விப் பிடிக்கிறது. இன்னொன்று, தாளுக்கு ஓட்டம் உண்டு, அதாவது அதன் நார் படிந்திருக்கும் திசை. முதுகின் நீளவாக்கில் ஓட்டம் இருக்கிற தாளாகப் பார்த்து எடுக்கவேண்டும். குறுக்கே வைத்து ஒட்டி, அட்டை அப்பளம் மாதிரி வளைந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒட்டியதும் உறிதாள் நடுவில் வைத்து, மேலே அம்மாவின் அம்மிக்கல். இரண்டு நாள் அசைக்காமல் விட்டால் தட்டையாக வருகிறது.

அதிகம் திணறுவது தமிழ் நேசன் பத்திரிகை நறுக்குகளில். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது வந்த செய்திகளை ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். தனிநாயகம் அடிகள் கூட்டிய மாநாடு, அம்மா விடுப்புப் போட்டு ரயிலேறிப் போய் பார்த்தார். செய்தித்தாள் மட்டமான மரக்கூழ், தானே அமிலம் சுரந்து நொறுங்குகிறது. அதற்கு மேல் யாரோ செல்லோடேப் வேறு போட்டிருக்கிறார்கள். நேசன் 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன பத்திரிகை, இந்த நறுக்கு போனால் நான் வேறு எங்கே தேடுவேன்? அதனால் டேப்பைத் தொடவே இல்லை. படம் எடுத்து வைத்துவிட்டு, கை இன்னும் பழகட்டும் என்று காத்திருக்கிறேன்.

முதுகில் எண் எழுதும்போதுதான் அம்மா பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது. நூலகங்களில் புத்தகங்களைப் பாடவாரியாக எண்ணிடும் டூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. வெள்ளை மையில், வரி சாயாமல் எழுதுவார். அவருடைய அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அவரது 4 மேலே மூடியிருக்காது, நானும் அப்படியே போடுகிறேன்.

சீர்காழிக்காரர் ரங்கநாதன் நூலகத்துக்குச் சொன்ன ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுவதற்கே. அம்மா அதை அட்டை டின்னின் மூடிக்குள் எழுதி ஒட்டியிருந்தார். சீர்செய்ததைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவன், அதைப் படித்துவிட்டு வராந்தா அலமாரியைத் துடைத்தேன்.

போன சனிக்கிழமை எதிர்வீட்டுப் பேத்தி வந்து, "அங்கிள், இது எடுத்துக்கலாமா?" என்று அந்த 1974 நாவலைக் காட்டினாள். அவள் அம்மாவும் சின்னப் பிள்ளையில் இங்கே வந்தவர், பழைய நோட்டில் பெயர் இருக்கிறது. பதினோராவது 555இல் இன்னும் ஆறு பக்கம் காலியாக இருந்தது. அம்மா கடைசியாக எழுதிய வரிக்குக் கீழே அவள் பெயரையும் தேதியையும் எழுதினேன்.