யார் முதலில் நிறுத்துவது?

"அவங்க கலாச்சாரமே அப்படி" என்று யாராவது பேச்சை முடித்துவைக்கும்போது எனக்கு எரிச்சல் வரும். கலாச்சாரம் ஏதோ ரத்தத்தில் ஓடுவது போலவும் அதற்குமேல் கேட்க ஒன்றுமே இல்லை என்பது போலவும் ஒரு தொனி. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம், மனிதர்கள் எல்லாரும் உள்ளே ஒன்றுதான், மேலே இருக்கிற உடுப்பும் சடங்கும்தான் வேறு என்பார்கள். எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. ஒரு பழக்கம் ஏன் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிறது, அப்புறம் ஏன் திடீரென்று காணாமல் போகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தால், அது தனி ஆளின் மண்டைக்குள் இருக்கிற விஷயமாகவே தெரியவில்லை, ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

பொருளாதார ஆய்வாளர்கள் ஆடவைக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, முன்பின் தெரியாத இன்னொருவருக்கு அதில் எவ்வளவு தருவாய் என்று கேட்பார்கள். அந்த இன்னொருவர் சரி என்றால் சொன்னபடி பிரித்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடையாது. அமெரிக்க மாணவர்கள் கிட்டத்தட்டப் பாதியைத் தருவார்கள், அடிமட்டமாக யாராவது கொடுத்தால் எதிராளி கோபத்தில் உதறிவிடுவார். நியாய உணர்வு மனித இயல்பு என்பதற்கு இதுவே சாட்சி என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1990களில் ஜோசப் ஹென்ரிச் என்ற ஆய்வாளர் இதை பெரு நாட்டு அமேசான் காட்டில் மச்சிகெங்கா மக்களோடு ஆடிப் பார்த்தார். சராசரியாக 26 சதவீதம்தான் கொடுத்தார்கள், வாங்குகிறவர்களும் அநேகமாக மறுப்பே சொல்லவில்லை. சும்மா வந்த பணம், அதில் கொஞ்சம் கிடைக்கிறதே, ஏன் உதற வேண்டும்? பிறகு வேறு ஆய்வாளர்களும் சேர்ந்து 15 சிறு சமூகங்களில் இதையே ஆடினார்கள். இந்தோனேசியாவில் லாமலேரா என்ற ஊரில் படகில் கூட்டமாகப் போய்த் திமிங்கலம் பிடிப்பவர்கள் பாதிக்கும் மேலே கொடுத்தார்கள். பப்புவா நியூ கினியில் சில ஊர்களில் பாதிக்கு மேல் கொடுத்தாலும் வேண்டாம் என்று தள்ளினார்கள், ஏனென்றால் அங்கே பெரிய அன்பளிப்பு வாங்கினால் பெரிய கடன்காரன் ஆகிவிட்டோம் என்று அர்த்தம். மச்சிகெங்கா குடும்பம் பெரும்பாலும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும், திமிங்கலத்தைத் தனியாளாகப் பிடிக்க முடியாது. இதில் யார் நல்லவர், யார் கஞ்சன் என்று கேட்பதே அபத்தம்.

சரி, வேறுபடுவது இப்படி. மாறுவதுதான் எனக்கு இதைவிடச் சுவாரசியம்.

சீனாவில் பெண் குழந்தைகளின் காலைக் கட்டிவைத்த வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வயதில் ஆரம்பிப்பார்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்கி, நீளத் துணியால் இறுக்கிச் சுற்றி, குதிகாலும் முன்பாதமும் நெருங்கிவரும் வரை வருடக் கணக்கில் மறுபடி மறுபடி இறுக்கிக்கொண்டே போவார்கள், வில்போல வளைந்த எலும்பு உடைந்து பாதம் மூன்று அங்குலத்துக்கு வந்தால் அதுதான் உயர்ந்த அழகு. கட்டியது பெரும்பாலும் பெற்ற தாய். அவள் தன் காலில் அந்த வலியை அனுபவித்தவள், மகள் மேல் பாசம் இல்லாதவளும் அல்ல. காலைக் கட்டாத பெண்ணை நல்ல இடத்தில் யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். ஊரில் பத்துத் தாய்மார் மனசுக்குள் இது கொடுமை என்று நினைத்தாலும், தனியாக நிறுத்துகிறவள் மகளுக்குத்தான் நஷ்டம்.

இந்த வழக்கம் கிட்டத்தட்ட ஆயிரம் வருடம் நின்றது. 17ஆம் நூற்றாண்டில் சீனாவை ஆண்ட மஞ்சு அரசர்கள் தடை போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆனால் போனபோது போன வேகத்தைப் பாருங்கள்: வட சீனாவில் டிங்சியன் வட்டாரத்தில் 1929இல் எடுத்த கணக்கில், 1890க்கு முன் பிறந்த பெண்களில் 99 சதவீதம் பேருக்குக் கால் கட்டப்பட்டிருந்தது, 1919க்குப் பிறகு பிறந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஒரே தலைமுறை! சீனர்களின் 'ஆழ்ந்த பண்பாடு' முப்பது வருடத்தில் எங்கே போனது? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கால் கட்டுவதை எதிர்த்துக் கிளம்பிய சங்கங்கள் ஒரு காரியம் செய்தன. சேருகிற குடும்பங்கள் எங்கள் மகளுக்குக் கால் கட்ட மாட்டோம் என்று மட்டும் சொல்லவில்லை, கால் கட்டிய பெண்ணை எங்கள் மகனுக்கு எடுக்கவும் மாட்டோம் என்று சேர்த்து உறுதி சொன்னார்கள். அந்த இரண்டாவது பாதியில்தான் எல்லாமே இருக்கிறது. கட்டாத பெண்ணுக்கு மாப்பிள்ளை வீடு தயார் என்றால் தாய்க்கு என்ன பயம்?

இதை ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. லாரல் பாஸன், ஹில் கேட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏராளமான வயதான கிராமத்துப் பெண்களிடம் பேசிவிட்டு வேறு கதை சொல்கிறார்கள்: கல்யாணம் எல்லாம் வெளிக்காரணம், சிறுமியை நகரவிடாமல் உட்காரவைத்து நூல் நூற்க வைக்கத்தான் இது உதவியது, ஆலைத் துணி வந்து அந்த வேலை செத்ததும் கால் கட்டுவதும் செத்தது என்கிறார்கள். இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். ஆலை காரணத்தைப் பிடுங்கியது, சங்கம் பயத்தைப் போக்கியது.

அப்படியானால் அர்த்தம் தெரியாத பழக்கத்தை எல்லாம் தூக்கி எறியலாமா? அங்கேதான் வம்பு. மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம் மூவாயிரம் வருடத்துக்கும் மேலாக மக்காச்சோளத்தைச் சுண்ணாம்போ சாம்பலோ கலந்த தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட்டுத்தான் அரைப்பார்கள். ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். தோல் கழற்றத்தானே இந்தப் பாடு, நம்மிடம்தான் நல்ல ஆலை இருக்கிறதே என்று இருந்திருக்கும். 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் காஸல் என்ற மருத்துவர் ஏழைக் குடியானவர்களிடம் ஒரு புது நோயைப் பார்த்து எழுதிவைத்தார்: தோல் வெந்து உரியும், வயிறு போகும், புத்தி பேதலிக்கும், கடைசியில் சாவு. பெலாக்ரா. வட இத்தாலியிலும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் சோளத்தையே நம்பிய ஏழைகளை இது வாரிக்கொண்டு போனது. தொற்றுநோய் என்றே பலர் நினைத்தார்கள், ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் அது இல்லை என்று காட்ட நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார் (இப்படியும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள்). நயாசின் என்ற சத்து கிடைக்காததால்தான் இந்த நோய், சோளத்தில் அந்தச் சத்து கட்டுண்டு கிடக்கிறது, சுண்ணாம்புத் தண்ணீர் அதை விடுவிக்கிறது என்ற விளக்கம் 1937க்குப் பிறகுதான் தெளிந்தது. சுண்ணாம்பு போட்ட பாட்டியிடம் முன்பே காரணம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? எங்கம்மா போட்டாங்க, நானும் போடறேன். மகள் காலைக் கட்டிய சீனத் தாயும் அச்சு அசலாக அதையேதான் சொல்லியிருப்பாள். பழையது, எல்லாரும் செய்வது என்பதை வைத்து இரண்டில் எது காப்பது, எது கெடுப்பது என்று பிரிக்கவே முடியாது. வலி யாருக்கு, பலன் யாருக்கு என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

இதற்கிடையில் 'தொன்றுதொட்டு' என்ற பேச்சையும் கொஞ்சம் தள்ளுபடி போட்டே கேட்க வேண்டும். மேற்கத்தியத் திருமணத்தில் மணப்பெண்ணுக்கு வெள்ளை உடை ஏதோ ஆதிகால வழக்கம் போலத் தெரியும், அது ஊரெங்கும் பரவியது 1840இல் விக்டோரியா ராணி வெள்ளையில் கல்யாணம் செய்துகொண்ட பிறகுதான்.

கால் கட்டிய கதையிலிருந்து கிடைத்த கணக்கு வேறொரு இடத்திலும் பொருந்தியது. செனகலில் பெண்ணுறுப்புச் சிதைப்பு வழக்கத்தை விடுவதாக 1997இல் மாலிகுண்டா பம்பாரா என்ற ஊர்ப் பெண்கள் வெளிப்படையாக அறிவித்தார்கள். பெரிய துணிச்சல்தான். ஆனால் டெம்பா ஜவாரா என்ற இமாம் அதில் ஒரு ஓட்டையைப் பார்த்தார்: ஒரு ஊர் மட்டும் நிறுத்தினால் அந்த ஊர்ப் பெண்களை யார் எடுப்பார்கள், பெண் கொடுத்து எடுக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்து நிறுத்தினால்தான் நிற்கும் என்றார். சொல்லிவிட்டு உட்காரவில்லை, உறவுக்கார ஊர்களுக்கு நடந்தே போய்ப் பேசினார். மறு வருடம் 13 ஊர்கள் ஒன்றுகூடி அறிவித்தன. அரசாங்கத்தின் தடைச் சட்டம் அதற்கும் பின்னால், 1999 ஜனவரியில்தான் வந்தது. அறிவித்த ஊர்களிலும் எல்லா வீட்டிலும் ஒரே நாளில் நின்றுவிடவில்லை, வேறு பக்கம் சம்பந்தம் வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கத்தான் செய்யும், அந்தச் சம்பந்தி ஊர்களுக்கும் யாராவது நடந்து போகவேண்டியிருந்தது.